ஊருக்குப் போகிறோம், பூனைக்கு என்ன ஏற்பாடு?

பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை, குலதெய்வக் கோயில், நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று குடும்பத்தோடு கிளம்ப வேண்டிய நாட்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் டிக்கெட் உறுதியானதுமே அடுத்த கேள்வி எழும்: நாம் வரும்வரை இதற்கு யார் சாப்பாடு வைப்பது? ‘பூனைதானே, தட்டு நிறையக் கொட்டி வைத்துவிட்டுப் போங்கள், அது பார்த்துக்கொள்ளும்’ என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பூனையை வெளியே நடத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை, மணல் தட்டில் தானாகவே போய்க்கொள்கிறது, பகலில் பெரும்பகுதி தூங்குகிறது. அதனால் எத்தனை நாளானாலும் தனியாக இருந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக வேர்விட்டிருக்கிறது.

நல்ல உடல்நலத்தோடு இருக்கும் வளர்ந்த பூனைக்கு ஒரு ராத்திரி அப்படிக் கழிந்துவிடும். அதற்குமேல் போனால், தட்டில் உணவு இருக்கிறதா என்பதைக் காட்டிலும், பூனை சாப்பிட்டதா என்று தினமும் ஒரு ஆள் பார்க்கிறாரா என்பதே பெரிய கேள்வி. கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

பட்டினி பூனைக்கு ஏன் ஆகாது

பூனை சாப்பிடாமல் இருந்தால், அதன் உடல் தன்னிடமுள்ள கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்கப் பார்க்கும். இந்தக் கொழுப்பு ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கு வந்து சேரும். வருகிற வேகத்தில் அதைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. கொழுப்பு கல்லீரல் செல்களிலேயே தேங்கிவிடும். இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே இந்த நிலை தொடங்கிவிடலாம். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ‘கொழுகொழுவென்று இருக்கிறது, நாலு நாள் தாங்கும்’ என்று நினைப்பது நேர்மாறான கணக்கு. காது மடலின் உட்பக்கமும் ஈறும் மஞ்சளாகத் தெரிகிற அளவுக்கு முற்றிவிட்டால், மருத்துவர் குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்த வேண்டிவரும். எல்லாப் பூனையும் அதிலிருந்து மீள்வதில்லை.

தட்டு நிறைய உணவு இருந்தும் பூனை ஏன் சாப்பிடாமல் இருக்கப்போகிறது? காரணங்கள் நிறைய. வீடு திடீரென்று ஆளரவமில்லாமல் போனதில் சில பூனைகள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடும். தீபாவளி நேரமானால் வெடிச்சத்தத்துக்குப் பயந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தது விடிய விடிய வெளியே வராது. உணவில் எறும்பு ஏறிவிட்டால் மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். ஈரக்காற்றில் நமுத்துப்போன தீனியைத் தொடாது. பல்வலி, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு என்று உடம்புக்கு ஏதாவது வந்திருக்கலாம். வீட்டில் நாம் இருந்தால் இவற்றில் எதுவானாலும் ஒரே வேளையில் கண்டுபிடித்துவிடுவோம். பூட்டிய வீட்டில் அது நாலாவது நாள்தான் தெரியவரும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்ப்பாதை குறுகலானது. படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மன அழுத்தமும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அந்தச் சிக்கலைத் தூண்டக்கூடியவை. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாட்களில் இரண்டுமே நடக்கும். அதனால் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறவர் மணல் தட்டையும் பார்த்தே ஆக வேண்டும். மணலில் ஈரக் கட்டி இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பது பூனையின் உடல்நிலையைச் சொல்லிவிடும்.

எவ்வளவு, எதை வைப்பது

அளவு தெரியாமல் ஏற்பாடு செய்ய முடியாது. நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமாராக 200 முதல் 250 கிலோ கலோரி. கடைகளில் விற்கும் உலர் தீனியில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கிலோ கலோரி இருக்கும். ஆக, நாளொன்றுக்கு 50, 60 கிராம் போதும். ஒரு கைப்பிடி, ஒன்றரைக் கைப்பிடிதான். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எடைவாரியாக அளவு அச்சிட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு பழைய டம்ளரில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் பிறகு யார் வந்து வைத்தாலும் அளவு தவறாது.

பூனை வேட்டையாடி வாழும் இடத்தில் ஒரே மூச்சில் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. சின்னச் சின்ன எலி, ஓணான், பூச்சி என்று நாள் முழுவதும், இரவிலும், பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எனவே இரண்டு வேளையாகவோ அதற்கும் மேலாகவோ பிரித்து வைப்பது அதன் சுபாவத்துக்கு ஒத்துப்போகும்.

நம் ஊரில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சோறும் வைத்துப் பழகியவர்கள் ஏராளம். உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரரும் அன்பில் அதைத்தான் வைக்கப்பார்ப்பார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கு வரும், உடம்பில் நீர் குறையும். பூனை இறைச்சியையே நம்பி வாழும் விலங்கு. டாரின் என்ற சத்தை மற்ற பல விலங்குகளைப்போலத் தேவையான அளவு தன் உடலிலேயே அது உருவாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வர வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயானும் அவருடைய குழுவினரும் 1987-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதன்பிறகே பூனைத் தீனி தயாரிக்கும் நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. கண்பார்வை போவதற்கும் அதே குறைபாடு காரணமாகும். நாய்த்தீனியைப் பூனைக்கு வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். ஒரு வேளை மாற்றி வைத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் வீட்டில் நாயும் இருக்கிறது என்பதற்காக இரண்டுக்கும் ஒரே மூட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மீன் வாங்கி வேகவைத்துப் போடும் வீடுகளில் நாம் ஊரில் இல்லாத நாட்களுக்கு உலர் தீனி வசதியாக இருக்கும். ஆனால் கிளம்புகிற அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கண்ணில் காட்டினால் பூனை முகம் திருப்பிக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாள் முன்பே பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கலந்து, நாளுக்கு நாள் கூட்டிப் பழக்குங்கள். நாக்குக்குப் பிடித்த பிராண்டை அந்த வாரத்தில் மாற்றவே வேண்டாம். பவுச்சில் வரும் ஈர உணவும் வேகவைத்த மீனும் நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தால் கெட்டுப்போகத் தொடங்கும். ஆள் வந்து நின்று, பூனை தின்று முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவ முடிந்தால் மட்டும் அதை வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பூனைக்குக் கிலோவுக்கு 50 மில்லி வீதம், நான்கு கிலோ பூனைக்கு நாளைக்கு 200 மில்லி அளவுக்கு உடம்பில் நீர் சேர வேண்டும். ஈர உணவில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீரே இருப்பதால் அதைத் தின்னும் பூனை தனியாகக் குடிப்பது குறைவு. உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட ஈரம் இருக்காது. பயணத்துக்காக உலர் தீனிக்கு மாற்றும்போது தண்ணீரின் தேவை சட்டென்று ஏறிவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரே கிண்ணத்தை நம்பாமல் இரண்டு மூன்று இடங்களில், வாயகன்ற பாத்திரங்களில் வையுங்கள். தட்டிவிட்டாலும் கவிழாத கனமான கல்சட்டி ஒன்று, வெயில் காலத்தில் தண்ணீரைக் குளுமையாக வைக்கும் மண்சட்டி ஒன்று என்று இருந்தால் நல்லது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் தண்ணீரைவிடத் தள்ளி வைத்த தண்ணீரைச் சில பூனைகள் விரும்பிக் குடிக்கும். தினமும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஒரு வாரம் நின்ற தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். பூட்டிய வீட்டில் அது தெரு முழுவதற்கும் தொல்லை.

எறும்பு

வெளிநாட்டுப் புத்தகங்களில் பூனைப் பராமரிப்பைப் பற்றி எத்தனையோ படிக்கலாம். எறும்புக்கு ஓர் அத்தியாயம் இருக்காது. நம் வீட்டில் முதல் எதிரியே அதுதான். தீனித் தட்டை வைத்து அரை மணிக்குள் சுவரோரம் ஒரு வரிசை புறப்பட்டு வந்துவிடும். ஆள் இல்லாத வீட்டில் அதைத் துடைக்க யாருமில்லை.

பாட்டி காலத்து முறையே இங்கே சிறந்தது. அகலமான தாம்பாளத்திலோ பிளாஸ்டிக் டிரேயிலோ ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் தீனிக் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு தாம்பாளத்தின் விளிம்பைத் தொடக் கூடாது, சுவரும் படக் கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். தண்ணீர் வற்றிவிடும் என்று எண்ணெயோ சோப்போ கலக்காதீர்கள். பூனை அந்தத் தண்ணீரையும் நக்கிக் குடிக்கும்.

எறும்புச் சாக்பீஸால் கிண்ணத்தைச் சுற்றிக் கோடு கிழிப்பது பல வீடுகளில் கைப்பழக்கம். பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கோட்டில் கால் பட்டு, பிறகு காலை நக்கினால் நேரே வயிற்றுக்குள் போகும். நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஊருக்குக் கிளம்பும்போது பீரோவிலும் பாத்ரூமிலும் பாச்சை உருண்டை போட்டுவைப்பதும் நம் வழக்கம். நாப்தலீனில் செய்த உருண்டை பூனைக்கு விஷம். பீரோவுக்குள் பூட்டிவைப்பது வேறு, வாஷ்பேசினில் போட்டுவிட்டுப் போவது வேறு. வேலை இல்லாமல் வீட்டைச் சுற்றும் பூனை உருண்டையான எதையும் தட்டி விளையாடிப் பார்க்கும்.

இயந்திரத்தை எவ்வளவு நம்பலாம்

குறித்த நேரத்தில் குறித்த அளவு தீனியைக் கொட்டும் தானியங்கிக் கருவிகள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் மலிவானது, மேலே கொள்கலனும் கீழே தட்டும் உள்ள வகை: பூனை தின்னத் தின்ன மேலிருந்து சரிந்துகொண்டே இருக்கும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சில பூனைகள் பொழுது போகாமல் ஐந்து நாள் தீனியை இரண்டு நாளில் தின்றுவிட்டு மீதி நாளைப் பட்டினியாகக் கழிக்கும். மழைக்காலத்தில் தீனி நமுத்து வாயை அடைத்துக்கொண்டு விழாமல் நின்றுவிடுவதும் உண்டு.

நேரம் குறிக்கும் வகை தேவலாம். அதை வாங்கிய கையோடு நம்பி ஊருக்குப் போகாமல், ஒரு வாரம் வீட்டில் இருந்தபடியே ஓட்டிப் பாருங்கள். அப்போது சில சோதனைகள் அவசியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பேட்டரியில் தொடர்ந்து வேலை செய்கிறதா? வைஃபையை அணைத்துவிட்டால் குறித்துவைத்த நேரம் கருவிக்குள்ளேயே பதிவாகி இருக்கிறதா, அல்லது எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து உத்தரவு வந்தால்தான் தட்டில் விழுமா? பெட்நெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவிகள் 2020 பிப்ரவரியில் சர்வர் கோளாறால் ஒரு வாரம் வரை முடங்கின. தங்கள் பூனைக்கும் நாய்க்கும் உணவு விழவில்லை என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். உங்கள் தீனியின் உருண்டை அளவு அந்தக் கருவிக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். பெரிய உருண்டை சிக்கிக்கொள்ளும்.

இதைவிடச் சாதாரணமான ஓர் ஆபத்து நம் வீட்டிலேயே இருக்கிறது. வெளியூர் கிளம்பும்போது கேஸை மூடுவதைப்போல மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது பலருக்கு அனிச்சைப் பழக்கம். தீனிக் கருவி, கேமரா, வைஃபை, பூனைக்கு ஓடவிட்டிருந்த மின்விசிறி எல்லாம் அத்தோடு நின்றுவிடும். மெயின் பலகையிலேயே ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள்.

இரண்டு பூனைகள் இருந்தால் ஒரே கருவி போதாது. வலுத்தது முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், இளைத்தது தூரத்தில் நிற்கும். பூனையின் தோலுக்கடியிலுள்ள மைக்ரோசிப்பை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் மூடி திறக்கும் கிண்ணங்கள் வந்திருக்கின்றன, விலை அதிகம். ஒன்றுக்கு மருத்துவ உணவு, மற்றதற்குச் சாதா உணவு என்று இருக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு தகும். மற்றவர்கள் எதிரெதிர் மூலைகளில் தனித்தனியாக வைத்துச் சமாளிக்கலாம்.

எத்தனை நல்ல கருவியானாலும் கொட்டத்தான் தெரியும். தின்றதா, வாந்தி எடுத்ததா, மணல் தட்டுக்குப் போய்ச் சிறுநீர் வராமல் உட்கார்ந்து கத்துகிறதா என்பதை அது சொல்லாது. கேமரா ஓரளவு உதவும், அதுவும் கரண்ட் இருக்கும்வரை. ஒரு ராத்திரிக்குக் கருவி மட்டும் போதும். இரண்டாம் ராத்திரி முதல் தினமும் ஓர் ஆள் வர வேண்டும். நாலைந்து நாளென்றால் காலை, மாலை இரு வேளையும். பத்து நாளைத் தாண்டினால் வீட்டிலேயே வந்து தங்கும் ஒருவரோ, பூனையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒருவரோ கிடைத்தால் நல்லது.

நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை வேண்டும், ஒரு வேளை தவறினாலே துவண்டுவிடும். அதை ஒரு ராத்திரிகூடத் தனியே விட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பூனையும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்கொரு ஊசி. சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு போட்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊசி போடத் தெரிந்த ஆள் தேவை. கிடைக்காவிட்டால் மருத்துவமனையில் விடுவதுதான் வழி.

வருகிற ஆளுக்குச் சொல்ல வேண்டியவை

பக்கத்து ஃபிளாட் அக்காவோ, அதே தெருவில் இருக்கும் தம்பி முறைப் பையனோ, பூனைப் பிரியமுள்ள கல்லூரி மாணவியோ இதற்குச் சம்மதிக்கலாம். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கூலிக்கு வந்து பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். யாரானாலும் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஓரிரு முறை வரவழைத்து, உங்கள் முன்னால் அவர் கையால் தீனி வைக்கச் சொல்லுங்கள். அந்த வாசனையும் குரலும் பழகிவிட்டால் பூனை ஒளியாது. ஒளிந்தாலும் இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. தட்டு காலியாகிறதா, மணலில் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் இரண்டு நாளாகக் கண்ணிலேயே படவில்லையென்றால் தேடித்தான் ஆக வேண்டும். அலமாரிக்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

தீனியை நாள்வாரியாகச் சின்ன டப்பாக்களில் நிறுத்துப் போட்டு, ‘திங்கள் காலை’, ‘திங்கள் மாலை’ என்று எழுதி அடுக்கிவைப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி வந்தாலும் இரட்டிப்பாக வைத்துவிட மாட்டார்கள், விட்டுப்போனாலும் தெரிந்துவிடும். மிச்சத் தீனியைப் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். திரும்பி வரும் தேதிக்குமேல் இன்னும் நாலைந்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கரண்ட் வரவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்ப முடியவில்லை, கடையும் திறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயணம் வைப்பவர்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தால் மேல்மாடியில் ஒருவரிடமும் பேசிவைக்க வேண்டும்.

வாய்மொழியாகச் சொன்னது பாதி மறந்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். அது இப்படி இருக்கலாம்:

“அக்கா, காலையில ஒரு டப்பா, சாயங்காலம் ஒரு டப்பா. மீதி இருந்தா எவ்வளவு இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. தண்ணி மூணு இடத்துல இருக்கு: ஹால், பெட்ரூம், பால்கனி. தினமும் கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க. மணல்ல ஈரக் கட்டியை அள்ளிடுங்க. ஒரு நாள் முழுக்க கட்டியே இல்லேன்னா உடனே கூப்பிடுங்க, ராத்திரியா இருந்தாலும் பரவாயில்ல. கதவைத் திறக்கும்போது காலால மறிச்சுக்கோங்க, வெளிய ஓடப் பார்க்கும். பால், சோறு, உப்புப் போட்ட கருவாடு, வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு மீன் எதுவும் வேண்டாம். உடம்பு சூடா இருந்தாலும் மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. டாக்டர் நம்பர் கீழ இருக்கு. செலவை ஜிபேல அனுப்பிடறேன்.”

மாத்திரை பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். ஒரே மாத்திரை போதும். பிரியமாகப் பார்த்துக்கொள்கிறவர்தான் பதறிப்போய் அதைக் கொடுக்கக்கூடும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மருத்துவர் நம்பரோடு, இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்றும் விசாரித்து எழுதுங்கள். ‘நான் ஊரில் இல்லாதபோது இவர் கூட்டிவந்தால் சிகிச்சை கொடுக்கலாம்’ என்று நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவைத்தால் நேரம் வீணாகாது. இன்னொரு சாவியை வேறொருவரிடமும் கொடுங்கள். சாவி வைத்திருக்கும் ஒரே ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் பூனை உள்ளே, சாப்பாடு வெளியே என்றாகிவிடும்.

பூனை விடுதியில் விடுவதென்றால், அங்கே போய் ஒருமுறை பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பூனை தன் இடத்தோடு மிகவும் ஒட்டிப்போகும். புது இடத்தில் முதல் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். அதனால் அவர்கள் ஒவ்வொரு பூனையும் எவ்வளவு தின்றது என்று எழுதிவைக்கிறார்களா என்று கேளுங்கள். நாய்களின் குரைப்பு கேட்காத தனி அறை இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அதன் வழக்கமான தீனியையும், துவைக்காத ஒரு பழைய துண்டையும் கொண்டுவரச் சம்மதிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் பூனையைச் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போகவே வேண்டாம். பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸ் தரையிலும் கூண்டிலும் ஒரு வருடம்வரைகூட உயிரோடிருக்கும். உங்கள் பூனைக்கும் ஊசிகள் இரண்டு வாரம் முன்பாவது முடிந்திருக்க வேண்டும்.

வெளியே திரியும் பூனைகள்

வாசல் திறந்த வீடுகளில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக வளரும் பூனைகள் நம் ஊர்களில் அதிகம். ‘அது எலி பிடித்துத் தின்னும், நாலு வீடு சுற்றிச் சாப்பிட்டுக்கொள்ளும்’ என்று கதவை அடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தினமும் கையில் வாங்கித் தின்று பழகிய பூனைக்கு வேட்டை நிச்சயமில்லாத வருமானம். பசி அதிகமாகும்போது எலி மருந்து தின்று சாகக் கிடக்கும் எலியைத்தான் அது எளிதாகப் பிடிக்கும்; அந்த மருந்து பூனையின் உடம்புக்குள்ளும் போய் ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி, வளர்ப்பவர் தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவது குற்றம். பசியாலும் தாகத்தாலும் வாட நேரும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றமே.

தெருப்பூனைகளுக்குத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைப்பவர்கள் கருணையால் அதைச் செய்கிறார்கள். நீங்கள் இல்லாத நாளிலும் அவை அதே நேரத்துக்கு வந்து காத்திருக்கும். கிளம்பும் அன்று நாலு நாள் தீனியைக் குவித்துவிட்டுப் போனால் காக்கையும் பெருச்சாளியும் அன்றே முடித்துவிடும், அக்கம்பக்கத்தாரின் கோபமும் சேரும். அதே நேரத்துக்கு வந்து வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் டப்பாக்களைக் கொடுத்து, ஒரு தொகையும் கொடுத்தால் பெரும்பாலும் நடந்துவிடும்.

ஊரிலிருந்து திரும்பியதும் பெட்டியைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியது, அடுக்கிவைத்த டப்பாக்களில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுவது. பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். கிளம்பும் முன் எடுத்த எடையையும் குறித்துவைத்திருந்தால் வித்தியாசம் தெரியும். நான்கு கிலோ பூனையில் 400 கிராம் குறைந்திருந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு, மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் வந்த பிறகும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால், ஈர உணவை வெதுவெதுப்பாக்கி வாசனை எழும்படி வைத்துப் பாருங்கள். அப்போதும் தொடாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.